மேலே ஒன்றும் கட்டவில்லை

பர்பாங்கில் வெளியே நூற்றிநான்கு டிகிரி.
கிடங்குக்குள் முப்பத்தெட்டு.
ஆகஸ்டில் கம்பளிச் சட்டையோடு வேலைக்கு வருகிறவள்
இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

இந்த மாதம் என் மேஜைக்கு வந்திருப்பவர்
லோவெல் ஸ்ட்ரானஹன்.
முப்பத்தொரு படம், ஒவ்வொன்றும் ஒன்பது நாளில்.
பெரிய படத்துக்கு முன்னால்
ஜனம் இருக்கை தேடும் நேரத்தில் ஓடியவை,
ஒப்புக்குச் சப்பாணி.
பழைய கையேடு ஒன்று அவருக்கு ஒன்றரை வரி தருகிறது.
அதில் அரை வரி பிறந்த ஊர்.
அதுவும் தப்பு.

சுருளை ஏற்றி இடது கையால் ஓட்டுகிறேன்.
வலது கை விரல் ஓரத்தைத் தடவிக்கொண்டே போகும்,
கிழிசல் இருந்தால் அது சொல்லும்.
புளித்த காடி வாடை.
செத்துக்கொண்டிருக்கும் படம் இப்படித்தான் நாறும்.

நான்காவது படத்தில்தான் உறைத்தது:
அதே மாடிப்படி.
மதுக்கடையில் சூதாடி ஏறிப்போனதில்
மருத்துவர் வீட்டு விதவை ஏறுகிறாள்.
பிறகு நீதிமன்றத்தில். பிறகு கப்பலில்
(கப்பலில்கூட!)
பதினான்கு படி,
ஆறாவதில் ஒரு கீறல்.
செலவுப் பேரேட்டில் ஒரே ஒரு தடவை வருகிறது:
தச்சர் எமில் ஸொபோட்கா, படிக்கட்டு,
இருநூற்றுப் பத்து டாலர்.
அதற்கு மேல் கம்பெனி மரம் தரவில்லை.

வேறொருவர் என்றால் திரை போட்டு மறைத்திருப்பார்.
இவர் ஒவ்வொரு தடவையும்
வேறொரு மூலையில் போய் நின்றுகொண்டார்.
ஒன்றில் கைப்பிடிக் கம்பிகளின் நிழல் மட்டும்.
ஒன்றில் கீழே படுத்திருக்கும் நாயின் தலை
மெல்ல மெல்ல நிமிர்வது.
ஒன்றில் வெறும் காலடிச் சத்தம்.
எண்ணினேன்,
பதின்மூன்றோடு நின்றுவிட்டது.
அந்த மிச்சம் ஒரு படி
மதியச் சாப்பாட்டிலும் என் காதைக் குடைந்தது.

ஏறினவர்கள் மேலே என்ன கண்டார்கள்?
கதவு சாத்தும் ஓசை. வெட்டு.
முப்பது படத்திலும் அவ்வளவுதான்.
டுவைட் சிரித்தான்:
"மேலே ஒன்றும் கட்டவில்லை, ஸேட்டா.
அதுக்குப் போய் தத்துவம் தேடுகிறாயே."

முப்பத்தொன்றாவதோடு ஒரு தகர டப்பா,
மூடியில் 'குப்பை' என்று பென்சில் எழுத்து.
உள்ளே பதினோரு அடி. ஏழு விநாடி.

காமிரா ஏறுகிறது.
நடிகைக்குப் பின்னால், அவள் கணுக்கால் உயரத்தில்.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
பதினான்கு.
மேலே ஒன்றரை முழம் பலகை,
அப்புறம் தரை இல்லை.
கயிறுகள். அணைந்த விளக்குகள்.
சாரத்தில் காலைத் தொங்கப்போட்டு
வெங்காய ரொட்டி தின்னும் விளக்குக்காரன்.
அவளைப் பார்க்கிறான்,
மென்றுகொண்டே
கொஞ்சம் தள்ளி உட்காருகிறான்,
அவளுக்கு இடம் விட்டு.

பிறகு வெள்ளை.

தவறுதலாக ஓடிய காமிராவாக இருக்கலாம்.
லென்ஸ் சோதனையாக இருக்கலாம்.
தயாரிப்பாளர் பார்த்துவிட்டுக் கத்தியிருக்கலாம்.
ஸ்ட்ரானஹன் அதன்பின் படம் எடுக்கவில்லை,
பேக்கர்ஸ்ஃபீல்டில் தண்ணீர்த்தொட்டி விற்றார்.
அதற்கும் இதற்கும்
ஒரு சம்பந்தமும் இல்லாமலும் இருக்கலாம்.

படிவத்தில் எனக்கு நான்கு கட்டம்.
சுருக்கம்: ஒன்று புள்ளி இரண்டு சதவீதம்.
வாடை: உண்டு.
ஒட்டு: இல்லை.
உள்ளடக்கம்:
'படிக்கட்டு' என்று எழுதி அடித்தேன்.
'வீடு' என்று எழுதி, அதையும்.

ஐந்து மணிக்கு விளக்கணைக்க வந்தான் டுவைட்.
ஏழு விநாடிதான், உட்கார் என்றேன்.
நின்றபடியே பார்த்தான்.
கார்ச் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"வெங்காயம் இல்லை அது, முள்ளங்கி.
இன்னொரு தரம் ஓட்டு."